பழைய செஸ்னா 140-இல் ரேடியோ மக்கர் செய்கிறதா? பெட்டியை விடுங்கள், இடத்தைப் பாருங்கள்

1946-இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் செஸ்னா 140 வெளிவந்தபோது ரேடியோ என்பது வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளும் சாமான். இரண்டு பேர் தோளோடு தோள் உரச உட்காரலாம். முன்னால் 85 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், உடல் அலுமினியத் தகடு, இறக்கைமேல் துணி, வாலில் ஒரு குட்டிச் சக்கரம். அவ்வளவுதான் விமானம். இன்று அதே விமானம் அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துப் பக்கம் போக வேண்டுமென்றால் ரேடியோ, ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர், 2020 ஜனவரியிலிருந்து தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் ஏடிஎஸ்-பி, வால் பக்கம் விமானம் மோதினால் தானாகச் சைகை அனுப்பும் ஆபத்துக் கால ஒலிபரப்பி என்று ஒரு படையே ஏற வேண்டியிருக்கிறது. தாத்தா கட்டின வீட்டில் ஏசியும் வாஷிங் மெஷினும் வைக்க இடம் தேடுகிற கதைதான்.

நானும் ஒரு தம்பியும் பங்கு போட்டு வைத்திருக்கும் 140-இல் ரேடியோ இரண்டு முறை கழன்று கடைக்குப் போனது. இரண்டு முறையும் “பழுது எதுவும் இல்லை” என்ற சீட்டோடு திரும்பி வந்தது, கூடவே பில்லும். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அது உட்கார்ந்திருந்த இடமும் அதற்கு வயர் போன வழியும்தான் சரியில்லை. அதனால் கீழே உள்ளதெல்லாம் இடத்தைப் பற்றியது. பெட்டியைத் திறக்கிற வேலை இதில் கிடையாது.

ஒன்று மட்டும். இது சான்று பெற்ற விமானம். காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்கலாம், மெக்கானிக்குக் கைகொடுக்கலாம். ஆனால் பொருத்திவிட்டு லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவது உரிமம் உள்ள மெக்கானிக்தான். பெரிய மாற்றம் என்றால் எஃப்ஏஏ என்னும் அமெரிக்க விமானத் துறையின் 337 படிவமும் வேண்டும். ரேடியோ, ஆன்டெனா பொருத்துவதற்கு எஃப்ஏஏ வெளியிட்ட ஏசி 43.13-2பி என்ற வழிகாட்டியை முதலில் படித்துவிடுங்கள். இலவசம்தான்.

யோக் என்னும் ஸ்டீயரிங் முழுதாக வரவில்லை, அல்லது எதிலோ உரசுகிறது

இதை முதலில் வைக்கக் காரணம் உண்டு. மற்றதெல்லாம் எரிச்சல், இது உயிர் விஷயம். இப்படி உணர்ந்தால் அன்று பறக்காதீர்கள், அவ்வளவுதான்.

140-இன் கருவிப் பலகைக்குப் பின்னால் காலி இடம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அங்கே யோக்கின் தண்டுகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. சாதாரணப் பலகை ரேடியோ ஒன்று 16 செ.மீ. அகலமும், பின்பக்கக் கனெக்டரோடு சேர்த்தால் 28 செ.மீ. வரை ஆழமும் கேட்கும். பெட்டி தப்பித்துக்கொள்ளும், பெட்டியின் முதுகிலிருந்து தொங்குகிற வயர்தான் மாட்டும்.

எங்களுடையதில் நடந்தது இது. யோக்கை முழுக்க இழுத்து, இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் மட்டும் ஒரு மெல்லிய தடை. ரப்பரை விரலால் அழுத்தினால் எப்படியிருக்கும், அப்படி. வலது பக்கம் திருப்பினால் இல்லை. தம்பி கால் வைக்கும் இடத்தில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பார்த்தான். “அண்ணா, இன்னொரு தடவை இழுங்க” என்றான். இழுத்தேன். “இங்கதான்” என்று விரலை வைத்துக் காட்டினான். ஆன்டெனா கேபிளில் ஒரு வளையம் தாழ்ந்து தொங்கியது. தேன் நிற உறையில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு தேய்மானம், அடியில் வெள்ளிப் பின்னல் மின்னியது. கட்டியிருந்த பிளாஸ்டிக் டை ஒன்று வெயிலில் காய்ந்து உடைந்து கீழே கிடந்தது.

சோதிக்கும் முறை: ஒருவர் உள்ளே, ஒருவர் அடியில். முழுக்க முன்னே, முழுக்கப் பின்னே, ஒவ்வொன்றிலும் இடது எல்லை, வலது எல்லை. நடுவில் வைத்து மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது, மூலைகளில்தான் மாட்டும். வயரைப் பிளாஸ்டிக் டையால் மட்டும் கட்டாமல் ரப்பர் மெத்தை வைத்த உலோகக் கிளாம்பு போட்டு, பலகையின் உறுதியான பகுதியோடு பிடிக்கச் சொல்லுங்கள்.

இதே வகைப் பழைய சின்ன விமானங்களான பைப்பர் கப்பிலோ ஏரோன்கா சாம்பிலோ யோக் இல்லை, கால்களுக்கு நடுவே நிற்கும் கட்டுப்பாட்டுக் குச்சிதான், தொல்லையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஜே-3 கப்பில் பலகைக்குப் பின்னால் 12 கேலன் பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. ஆழமான பெட்டிக்கு அங்கே வழியே இல்லை. 57 மி.மீ. வட்டத் துளையில் உட்காரும் சின்ன முகப்பை மட்டும் முன்னால் வைத்து, கனமான பெட்டியை வேறு இடத்தில் வைக்கிற வகை ரேடியோக்கள் இந்த மாதிரி விமானங்களுக்கென்றே பிறந்தவை. 140-க்கும் நான் அதைத்தான் சொல்வேன், பழைய தோற்றமும் கெடாது.

பலகை தொய்கிறது, கருவி முள்கள் நடுங்குகின்றன

ஆரம்பகால 140-களில் நடுப்பலகை ரப்பர் தாங்கிகளில் மிதக்கும். எஞ்சின் அதிர்வு கருவிகளுக்குப் போகக்கூடாது என்பதற்காகச் செய்தது. அதில் போய் ரேடியோ டிரேயைத் திருகிவிட்டால் ரப்பர் ஒரு பக்கம் நசுங்கிவிடும், எல்லா முள்ளும் ஆடும். ரேடியோவை மிதக்கும் பலகையில் வைக்காதீர்கள். அசையாத பகுதியில் வையுங்கள். டிரேயின் பின்பக்கத்துக்கும் ஒரு தாங்கி வேண்டும். மோதலில் முன்னோக்கி 9 மடங்கு எடையைத் தாங்க வேண்டும் என்பது கணக்கு. ஒன்றரைக் கிலோ பெட்டி அந்தக் கணத்தில் பதின்மூன்றரைக் கிலோ, உங்கள் முழங்காலுக்கு நேரே.

ஒரு பக்கமாகப் பறக்கும்போது மட்டும் கேட்கவில்லை என்கிறது விமான நிலையக் கட்டுப்பாட்டு டவர்

முதலில் பெட்டியா, ஆன்டெனாவா என்று பிரியுங்கள். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கையடக்க ரேடியோ ஒன்று போதும். விமானத்தின் ஆன்டெனா கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி, தகுந்த அடாப்டரோடு கையடக்கத்தில் மாட்டி டவரைக் கூப்பிடுங்கள். அதே இடத்தில் அதே குறை வந்தால் பெட்டியைத் தொடாதீர்கள்.

விமான ரேடியோ 118-லிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலையின் கால் பங்கு ஏறத்தாழ 59 செ.மீ. குச்சி ஆன்டெனா அந்த நீளத்தில்தான் இருக்கும். பலரும் குச்சியைத்தான் பார்க்கிறார்கள். ஆன்டெனாவின் மறு பாதி அதன் காலடியில் விரிந்திருக்கும் உலோகம். அதுவும் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ அதே அளவுக்கு விரிய வேண்டும். 140-இல் இரண்டு இறக்கைகளுக்கும் நடுவில் கேபின் கூரைத் தகடு கிடைக்கிறது. ஆனால் இரு பக்கமும் துணி தொடங்கிவிடும் என்பதால் கூரையின் ஓரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் காலடி நிலமே இல்லை. வைத்தால் நடுக்கோட்டில் வையுங்கள். கூரைக்குப் பின்னால் உடலின் முதுகில் இன்னும் நல்ல இடம் உண்டு, கேபிள் கொஞ்சம் நீளும்.

வயிற்றுப் பக்கம் வைக்கலாமா என்று கேட்பார்கள். பறக்கும்போது நன்றாகவே கேட்கும். ஆனால் இது வால் சக்கர விமானம். நிற்கும்போது வயிறு தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், ஓடுபாதைப் புல் குச்சியை வருடும், எஞ்சின் எண்ணெய் வழிந்து அடியில் படியும். தரையில் டவரோடு பேசவே சிரமப்படுவீர்கள். எனக்கு அது பிடிக்காது.

முழுக்கத் துணி போர்த்திய சாம்பிலும் கப்பிலும் காலடி நிலத்தை நாமே செய்ய வேண்டும். துணிக்கு உட்பக்கம் அலுமினியத் தகடு, அல்லது ஆன்டெனா அடியிலிருந்து நட்சத்திரம்போல விரியும் பட்டைகள். அவை இரும்புக் குழாய்ச் சட்டத்தோடு மின்தொடர்பில் இருக்க வேண்டும்.

இடம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் ஆன்டெனாவின் அடித்தட்டைத் தூக்கிப் பாருங்கள். பெயின்ட்டின் மேலேயே வைத்துத் திருகியிருப்பார்கள், அல்லது வெள்ளை மாவுபோல அரிப்பு பூத்திருக்கும். திருகு மட்டுமே தொடர்பு, அதுவும் பாதி. சுத்தம் செய்து, அரிப்புத் தடுப்புப் பூசி மாட்டினால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். ஆன்டெனாவுக்குப் போகும் சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் கிடைத்தால் 118, 127, 136 மூன்றிலும் அளவெடுங்கள். 2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 3-ஐத் தாண்டினால் ஆன்டெனா, கேபிள், கனெக்டர் மூன்றில் ஒன்று குற்றவாளி.

பேசினால் ஜிபிஎஸ் மறைகிறது

பேய் பிடித்ததுபோலத் தோன்றும் கோளாறு இது. ஒரு அலைவரிசையில் பேசினால் நன்றாக இருக்கும். இன்னொன்றில் பொத்தானை அழுத்தினால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களை இழந்துவிடும். கணக்குப் போட்டால் பேய் ஓடிவிடும். ஜிபிஎஸ் வேலை செய்வது 1575.42 மெகாஹெர்ட்ஸில். 121.175-ஐ 13-ஆல் பெருக்குங்கள்: 1575.275. 131.275-ஐ 12-ஆல் பெருக்குங்கள்: 1575.3. ரேடியோ ஒலிபரப்பும்போது அதன் மடங்கு அலைகளும் மெலிதாகக் கசியும். வானத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சைகை அதைவிட மெலிது.

அதனால் 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 என்ற ஆறிலும் சோதிப்பது வழக்கம். வெட்டவெளியில் நிறுத்தி, ஜிபிஎஸ் நிலைகொண்டபின், யாரும் பேசாத நேரமா என்று கேட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் போலப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். செயற்கைக்கோள் பட்டைகள் சரிகின்றனவா பாருங்கள்.

சரிந்தால் ஜிபிஎஸ் ஆன்டெனாவை ரேடியோ ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளுங்கள். 140 மாதிரிச் சின்னக் கூரையில் அது சுலபமில்லை. ஒன்றைக் கூரையிலும் மற்றதை முதுகிலும் வைத்தால் தூரம் கிடைக்கும். இரண்டின் கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுபோனால் தள்ளி வைத்த பலன் போய்விடும்.

தள்ளியும் தீரவில்லையா? பலர் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இதுதான். ஆபத்துக் கால ஒலிபரப்பியின் ஆன்டெனா கேபிளைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். கோளாறு மறைந்துவிட்டால் ரேடியோ நிரபராதி. அணைந்தே கிடக்கும் அந்த ஒலிபரப்பி, நீங்கள் பேசுவதை ஆன்டெனா வழியாக வாங்கி, உள்ளே மடங்கு அலைகளாக்கித் திருப்பி வீசுகிறது. ஒன்றுக்கொன்று தூரம் கொடுங்கள், அல்லது அதன் ஆன்டெனா வழியில் வடிகட்டி போடச் சொல்லுங்கள். கழற்றின கேபிளைத் திரும்ப மாட்ட மறக்க வேண்டாம். மறந்தவர்கள் உண்டு.

திசைகாட்டி பொய் சொல்கிறது

எதையாவது போட்டால் மாறுகிறதா, எப்போதுமே மாறியிருக்கிறதா? இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும்.

போட்டால் மட்டும் மாறினால் மின்சாரம் ஓடும் வயர் பக்கத்தில் போகிறது. எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டு, முள்ளைப் பாருங்கள். திசைகாட்டி விளக்குக்குப் போகும் இரண்டு வயரையும் முறுக்கிக் கொண்டுபோனால் ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும். விளக்குக்கு ஒரு வயர் மட்டும் கொடுத்து மற்றதை உடலோடு இணைத்திருந்தால் முறுக்க எதுவும் இல்லை, அங்கேயே தப்பு.

எப்போதுமே மாறியிருந்தால் இரும்பு அல்லது காந்தம். பலகைக்கு அடியில் யாரோ மாட்டின ஸ்பீக்கர், திசைகாட்டிப் பக்கத்தில் பித்தளைத் திருகுக்குப் பதில் இரும்புத் திருகு. அப்புறம் இந்தக் காலத்துத் திருடன் ஒருவன்: காந்தம் வைத்த டேப்லெட் பிடிப்பான். ஒரு முறை 20 டிகிரி தள்ளிக் காட்டிய திசைகாட்டியைக் கழற்றப் போனோம். தம்பி தன் போனை எடுத்துக்கொண்டு இறங்கினான், முள் தானே திரும்பி வந்தது.

விதிப்படி எந்தத் திசையிலும் 10 டிகிரிக்கு மேல் விலகல் கூடாது. பல பெட்டிகளின் நிறுவல் கையேட்டில் திசைகாட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள், துளை போட்டபின் அல்ல. கப், சாம்ப் வகையில் சட்டமே பற்றவைத்த இரும்புக் குழாய் என்பதால் சட்டம் காந்தமேறியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்; அதற்குக் காந்தநீக்கம்தான் வழி.

ஹெட்செட்டில் சத்தம்

எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ஊளை என்றால் ஜெனரேட்டர். வேகத்தோடு நெருக்கமாகும் டிக்டிக் என்றால் பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ அல்லது பிளக் வயர். எஞ்சின் ஐட்லில் ஓடும்போது கையடக்க ரேடியோவை அதன் சொந்த ஆன்டெனாவோடு மடியில் வைத்துக் கேளுங்கள். அதிலும் டிக்டிக் வந்தால் சத்தம் காற்று வழியாக வருகிறது, கவசமில்லாத பிளக் வயர்களைத்தான் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் வயர் வழியாக வருகிறது.

வேகத்தோடு மாறாத உர்ர் சத்தத்துக்கு ஹெட்செட் ஜாக்கைப் பாருங்கள். அலுமினியத்தில் நேரடியாகத் திருகியிருப்பார்கள். நார் வாஷர் வைத்து உடலிலிருந்து பிரித்து, அதன் நிலத்தொடர்பை ரேடியோவுக்கே கொண்டுபோனால் அடங்கும். மைக் வயரும் டிரான்ஸ்பாண்டர் கேபிளும் ஒரே பக்கச் சுவரில் ஓடக்கூடாது. ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம்.

முக்கால் மணி நேரம் நன்றாக இருந்து செத்துவிடுகிறது

சூடு. ஹீட்டர் குழாயின் வழி எங்கே போகிறது என்று கையை விட்டுப் பாருங்கள், பெட்டியின் விலாவை உரசிக்கொண்டு போகும். குளிர்காலத்தில் மட்டும் கோளாறு வந்தால் சந்தேகமே வேண்டாம். வெயில் காலத்தில் மட்டும் வந்தால், கண்ணாடிக்கு அடியில் காற்றோட்டமில்லாமல் இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, தரையில் ஓடும்போது மட்டும் ரேடியோ அணைந்து அணைந்து வருகிறதென்றால் அது சூடல்ல, வோல்டேஜ். பழைய ஜெனரேட்டர் ஐட்லில் ஏறக்குறைய எதுவுமே தராது. பேட்டரியிலிருந்து நீளமான, மெலிந்த, எழுபது வயது வயர் வழியாகத்தான் வருகிறது. பேசும்போது பெட்டியின் கனெக்டரில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். பேட்டரி முனையில் அளப்பதில் பயனில்லை.

“உங்கள் உயரம் தவறாக வருகிறது” என்கிறார்கள்

டிரான்ஸ்பாண்டர் ஆன்டெனாவுக்கு மட்டும் வயிறுதான் இடம். 1090 மெகாஹெர்ட்ஸ், கால் அலை 7 செ.மீ. கூட இல்லை, புல்லுக்கு எட்டாது. எண்ணெய் படிந்தால் பிரச்சினை, மாதம் ஒருமுறை துடையுங்கள். சீட்டுக்கு நேர் அடியில் வேண்டாம், சக்கரக் காலுக்கு நேர் பின்னாலும் வேண்டாம்.

சைகை வந்து உயரம் மட்டும் தப்பாக வந்தால், உயரத்தைச் சொல்லும் என்கோடருக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயைப் பாருங்கள். கேபின் காற்றையே எடுத்துக்கொள்ளும்படி திறந்து விட்டிருந்தார்கள் ஒரு விமானத்தில். ஜன்னலைத் திறந்தால் உயரம் மாறியது! விமானிக்கு உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் எந்தக் குழாயிலோ என்கோடரும் அதே குழாயில். இரண்டுக்கும் வித்தியாசம் 125 அடிக்குள் இருக்க வேண்டும். டிரான்ஸ்பாண்டர் சோதனை 24 மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் உண்டு, அதோடு இதையும் பார்த்துவிடலாம்.

ஆபத்துக் கால ஒலிபரப்பி தானாக அலறுகிறது

தரையிறங்கும்போது கொஞ்சம் பொத்தென்று விழுந்தால் அலறுகிறது என்றால் அது மெல்லிய தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. தகடு டிரம் மாதிரி அதிர்ந்து, சின்ன இடியைப் பெரிதாக்குகிறது. அப்படிப்பட்ட தகடு உண்மையான மோதலில் இடியை விழுங்கிவிடவும் கூடும், அதுதான் பயம். சாமான் வைக்கும் தளத்தில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்; கை எட்டுகிறது என்பதைத் தவிர அந்த இடத்துக்கு வேறு தகுதி இல்லை.

வால் பக்கம், முடிந்த அளவு பின்னால், உடலின் முதன்மைச் சட்டத்தோடு. 450 நியூட்டன், அதாவது 45 கிலோ அளவுக்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கி 2.5 மி.மீ.க்கு மேல் அசையக்கூடாது. மீன் தராசைக் கொக்கி போட்டு இழுத்துச் சோதிக்கலாம். பெட்டி மேல் அச்சிட்ட அம்பு காட்டும் திசை முக்கியம்; கையேடு சொல்கிறபடி மூக்கைப் பார்க்க வேண்டும். ஆன்டெனாவைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உடல் முறியும்போது நீளமான கேபிள்தான் முதலில் அறும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் பெட்டியை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள்; 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதில்லை, 406 மெகாஹெர்ட்ஸ் பெட்டி வேண்டும்.

வால் பக்கம் வைக்கிற ஒவ்வொரு கிலோவும் எடைச் சமநிலைக் கணக்கில் அதன் தூரத்தால் பெருகும். 658 கிலோவுக்கு மேல் பறக்கக்கூடாத விமானத்தில் அது சின்ன விஷயமில்லை. புதிய கணக்கைத் தாளில் எழுதும் முன், வேலை செய்யாத பழைய வயர்களையும் ஆன்டெனா கேபிள்களையும் முழுக்க உருவி எடுக்கச் சொல்லுங்கள். பல காலமாக ஒவ்வொருவரும் புதிதாக இழுத்தார்களே தவிர பழையதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். எங்களுடையதில் உருவியதை மளிகைப் பையில் போட்டுத் தராசில் வைத்தோம். புது ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்த எடையைவிட அந்தப் பை கனமாக இருந்தது.